வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை

நம் குமரி மாவட்டத்தில் திற்பரப்பு அருவியிலோ காளிகேசத்து ஆற்றிலோ ஒரு குடும்பம் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தால், என் கண் முதலில் தேடுவது கரையிலேயே தயங்கி நிற்கும் பிள்ளையைத்தான். பெரும்பாலும் ஒரு பிள்ளை அப்படி நிற்கும். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கைதட்டிக் கூப்பிடுவார். அம்மா, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படி நின்றால் எப்படி?" என்பார். கூட வந்த மாமாவோ சித்தப்பாவோ பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவார். பிள்ளை அலறும். எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடிப்பார்.

அந்தப் பிள்ளையாகத்தான் நான் வளர்ந்தேன். துணிச்சல்காரப் பெற்றோர்களே இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் அப்பா கல்குளம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். அம்மா கடற்கரைக்காரி. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். இரண்டு வீட்டாரின் எதிர்ப்பையும் மீறித் திருமணம் செய்துகொண்டவர்கள். அதற்குப் பிறகு எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்கள்போலத்தான் வாழ்ந்தார்கள். மருந்துவாழ்மலையில் பகலில் ஏறினால் வெயில் என்று சொல்லி நிலா வெளிச்சத்தில் ஏறுவார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடுவில், கீழே பறளியாறு 115 அடி ஆழத்தில் ஓட, அப்பா என்னைத் தோளில் ஏற்றி எட்டிப் பார்க்கச் சொல்வார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "பழகப் பழகச் சரியாகிவிடும் மக்களே" என்பார். எங்கள் ஊரில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள் இருவரும். பயம் என்பது பிள்ளைக்கு வந்த ஒரு குறை, மலைக்கும் கடலுக்கும் கூட்டிக்கொண்டு போனால் தீர்ந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள்.

என் பயம் எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பயந்து கண்ணை மூடிக்கொண்ட நேரம் மிகவும் குறைவு. மற்ற நேரமெல்லாம் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போகிற வழியில் எந்தத் திருப்பத்தில் எந்த மரம் நின்றது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது, யாரிடம் டார்ச் லைட் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கீரிப்பாறைக்குப் போனோம். நான் ஏழாம் வகுப்பு. தம்பிக்கு எட்டு வயது. கீரிப்பாறைக்கு மேலே வீரப்புலி மலைக்காட்டை ஒட்டிக் கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு அந்த மலைகளில்தான் விளைகிறது. ஒரு தோட்டத்துக்கும் மேலே, காட்டாற்றைக் கடந்து போனால் ஒரு கயம் (ஆற்றில் ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடம்) இருப்பதாக அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் முன்பு காட்டியிருந்தார். அந்த ஒரு தடவை போன நினைவை நம்பித்தான் எங்களை அழைத்துப் போனார்.

வாழையிலையில் கட்டிய சோறு, ஒரு சீப்பு ஏத்தன் பழம், ஒரு பாட்டில் தண்ணீர். பெரியவர்கள் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். என் பள்ளிக்கூடப் பைக்குள் வேறு சாமான்கள் இருந்தன. பாலிதீன் பையில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு மெழுகுவர்த்தி, காய்ந்த துவர்த்து (துண்டு) இரண்டு, ஒரு கருப்பட்டி, உட்காருவதற்கென்று மடித்து வைத்த யூரியா சாக்கு, அப்புறம் அம்மாவின் விசில். விளையாட்டு வகுப்புக்கு அம்மா கொண்டுபோகும் அந்த விசில் விடுமுறை நாட்களில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கிளம்பும்போது எடுத்துக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பையைத் தூக்கிப் பார்த்த அப்பா, "பிள்ளை வீடு மாறிப் போகிறாள்" என்று சிரித்தார்.

கீரிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒரு பாட்டி இருந்தார். அப்பாவும் அம்மாவும் டீ குடிக்கும்போது அவரிடம் போய், "பாட்டி, நாங்கள் நாலு பேர். கிராம்புத் தோட்டத்துக்கு மேலே கயத்துக்குப் போகிறோம். கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவோம்" என்று சொன்னேன். பாட்டி தலையாட்டினார். வேறு யாரிடமும் நாங்கள் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லவில்லை. ஆச்சியிடம்கூட "சும்மா வெளியே" என்றுதான் அப்பா சொல்லியிருந்தார்.

காட்டாற்றை அடைந்தபோது தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. கல்லுக்குக் கல் தாவி எல்லோரும் கடந்துவிட்டோம். அந்தக் கரையில் யானைக்கன்று அளவு ஒரு பாறை. அதன் நடுவே, ஏதோ சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல, வெளிறிய பாசி சுற்றிலும் படர்ந்திருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே ஓடியது. கை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். ஏன் அளந்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. அளக்காமல் இருக்க என்னால் முடியாது.

கயம் அழகான இடம்தான். அப்பா பாறையிலிருந்து குதித்தார். அம்மா தம்பிக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு மணிக்கு மேலே மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. எங்கள் தலைக்கு மேல் வெயில். "போகலாம் அப்பா" என்றேன். "மழை இங்கே இல்லை மக்களே, எங்கேயோ பெய்கிறது" என்றார். மீண்டும் சொன்னேன். "வந்தது முதல் இதே பாட்டு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசியை ஒட்டி வரும் துலா மழை இன்னொன்று. துலா மழையின் குணம் வேறு. காலையில் வானம் கண்ணாடிபோல இருக்கும். மதியத்துக்கு மேல் மலையில் மேகம் கட்டி, இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். மலையின் உச்சியில் பெய்கிற மழை, கீழே வெயில் அடிக்கிற இடத்துக்கு ஆற்றுவழியாக வந்து சேரும். "எங்கேயோ பெய்கிறது" என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. அணைகளுக்குக் கீழேயும் இதே கதைதான். பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீர் திறந்தால் மழையே இல்லாத ஊரில் கோதையாறு பெருகும். திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவது அதனால்தான். தடைக் கயிற்றைத் தாண்டிப் போய் நிற்பவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். ஆறு மேலே எங்கிருந்து வருகிறது என்று நினைப்பதில்லை.

நாங்கள் கடக்குமிடத்துக்குத் திரும்பியபோது மழை எங்களையும் பிடித்துவிட்டது. தண்ணீரின் நிறம் கருப்பட்டிக் காப்பியாக மாறியிருந்தது. பச்சை இலைகளும் அப்போதுதான் முறிந்த கிளைகளும் மிதந்து வந்தன. உதிர்ந்த சருகு எப்போதும் மிதக்கும். பச்சை இலை கொத்தாக வந்தால் மேலே எதையோ பிய்த்துக்கொண்டு வருகிறது என்று பொருள். தண்ணீருக்கு அடியிலிருந்து கல் உருளும் சத்தம் வேறு கேட்டது.

"முழங்கால் அளவுதான். கையைக் கோத்துக்கொண்டு போய்விடலாம்" என்றார் அப்பா. அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். நான் பக்கத்திலிருந்த மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம். அப்பா என்னைத் தூக்க வந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் அழுவேன். அன்று அழாமல், "அப்பா, அந்தப் பாறையில் வெள்ளைக் கோடு இருந்தது. காலையில் தண்ணீர் அதற்கு இரண்டு சாண் கீழே. இப்போது கோட்டைக் காணோம்" என்றேன்.

அப்பா திரும்பிப் பாறையைப் பார்த்தார். பிறகு நடு ஆற்றில் காலையில் நாங்கள் மிதித்து வந்த கற்களைத் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு கழியை எடுத்துத் தண்ணீருக்குள் ஊன்றினார். கழி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. பிடிப்பதற்கு எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை, அத்தனை வேகம். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஒரு முழு மரத்துண்டு வேரோடு உருண்டு, நாங்கள் கடந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் போயிற்று.

ஓடும் தண்ணீரைப் பற்றி எல்லோரும் ஆழத்தைத்தான் கேட்கிறார்கள். வேகத்தைக் கேட்பதில்லை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு வேகநீர் வளர்ந்த ஆளைக் கவிழ்க்கப் போதுமானது. கலங்கல் நீரில் கால் எங்கே படுகிறது என்பதும் தெரியாது. விழுந்தபின் கால் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கினால், நீந்தத் தெரிந்தவர்களையும் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நன்றாக நீந்துகிறவர்கள் ஆற்றில் இறந்துபோவதற்கு இது பெரிய காரணம். என் அம்மாவைவிட நன்றாக நீந்துகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அன்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தால் அந்த நீச்சல் எதற்கும் உதவியிருக்காது.

ஏறின வேகத்தில் இல்லாவிட்டாலும், மழை விட்டால் காட்டாறு சீக்கிரமே இறங்கும். பெரும்பாலும் சில மணி நேரமோ ஒரு இரவோ காத்திருந்தால் போதும். அந்தக் காத்திருப்புத்தான் துணிச்சல்காரர்களுக்கு முடியாத காரியம். அப்பா அரைமணி நேரத்தில் எழுந்துவிட்டார். கரையோரமாகக் கீழே போனால் பாலம் ஏதாவது இருக்கும் என்றார். இந்தத் தடவை அம்மா மறுத்தார். "இருட்டப் போகிறது. எங்கே இருக்கிறோம் என்று தெரிகிற இடம் இது ஒன்றுதான்" என்றார். அம்மா சொன்னது முழுக்கச் சரி. காட்டில் வழி தவறியவர்களோ சிக்கிக்கொண்டவர்களோ நடந்துகொண்டே இருந்தால் தேடுகிறவர்கள் தேட வேண்டிய பரப்பு பெருகிக்கொண்டே போகும்.

ஆற்றிலிருந்து விலகி மேட்டுக்கு ஏறினோம். ஒரு காய்ந்த ஓடை அருமையான சமதரையாகத் தெரிந்தது. மழை பெய்தால் அதுவே ஓடையாகிவிடும் என்பதால் அதை விட்டோம். பாறைப்பொந்து ஒன்று இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்று அப்பா தடுத்தார். மின்னல் நேரம் என்பதால் தனித்து உயர்ந்த மரத்தின் அடியிலும் நிற்கவில்லை. குட்டையான மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில், ஈரச் சருகை வாரி ஒதுக்கி, அடியில் இருந்த காய்ந்த சருகைக் கெட்டியாகப் பரப்பி உட்கார்ந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அப்பாவின் மலை அனுபவம் முழுவதும் வெளிப்பட்டது. அதுவரை அவரிடம் நான் பார்த்திராத அப்பா அவர்.

இருட்டிய பிறகு தம்பி நடுங்கினான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பசி என்றுகூடச் சொல்லாமல் தூங்கி வழிந்தான். பேர் கேட்டால் குழறினான். அழுத பிள்ளை அடங்கிவிட்டான் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. மழையில் நனைந்த பிள்ளை நடுங்குவது உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் வேலை. சூடு ஏறாமலே நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கு எடை குறைவு, அதோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். ஆகவே பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் குளிர்ந்துபோவார்கள். இதற்குப் பனிமலை வேண்டியதில்லை, நனைந்த துணியும் காற்றும் இருந்தால் நம் ஊர் மலையே போதும்.

அம்மா தம்பியின் ஈரத் துணியை முழுவதும் கழற்றினார். என் பையிலிருந்த காய்ந்த துவர்த்தால் ஒற்றித் துடைத்தார். தேய்க்கவில்லை. இன்னொரு துவர்த்தை அவன் தலையில் சுற்றினார். தன் மார்போடு அவனை அணைத்து, இருவருக்கும் மேலே யூரியா சாக்கைத் தலையையும் முதுகையும் மூடும் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டார். தோலோடு தோல் படவேண்டும், நடுவில் ஈரத்துணி இருக்கக் கூடாது. அவன் நன்றாக விழித்த பிறகு கருப்பட்டியைச் சிறு சிறு துண்டாகக் கடித்து அவன் வாயில் வைத்தார். விழுங்கும் அளவு நினைவு இல்லாத பிள்ளைக்கு எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து அவன் மீண்டும் நடுங்கத் தொடங்கியபோது அம்மா அழுதார். நடுக்கம் திரும்பியது நல்ல செய்தி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மெழுகுவர்த்தியை ஒரு தடவை மட்டும் கொளுத்தி அட்டைகளைப் பார்த்தோம். கால்விரல் இடுக்கிலும் இடுப்பிலும் ஏறியிருந்தன. பெருத்துத் தொங்கும் அட்டையை வயிற்றைப் பிடித்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கும் முனையில் நகத்தைச் செருகி நெம்பினால் வந்துவிடும். ரத்தம் வெகுநேரம் கசியும். அது அட்டையின் எச்சில் செய்யும் வேலை, அதற்காகப் பதற வேண்டாம். பாம்புதான் வேறு. ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மட்டையோடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது. இருட்டில் கையை எங்கே ஊன்றுகிறோம் என்பதில் அத்தனை கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நடு இரவில் சரிவுக்குக் கீழே கிளை முறியும் சத்தம் கேட்டது. நான் விசிலை வாயருகே கொண்டுபோனேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். யானைதான். சத்தம் போட்டு நம் இருப்பைத் திடீரென்று காட்டினால் வெகுண்டுவிடலாம். அது மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மூச்சு விடாமல் இருந்தோம். அது விலகிப்போக வெகுநேரம் ஆயிற்று. அப்பா அந்த இரவு முழுவதும் எங்களுக்கும் சரிவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார், ஒரு நொடி கண் அசரவில்லை. "கயத்திலேயே நீ சொன்னாயே மக்களே" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார்.

என் பெற்றோரின் துணிச்சல் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கிக்கொண்ட பிறகு அந்தத் துணிச்சல்தான் எங்களைக் காப்பாற்றியது. பதறுகிற தாயாக இருந்தால் தம்பியின் குழறலைக் கவனித்திருக்க முடியாது. பதறுகிற தகப்பனாக இருந்தால் யானை நின்ற இடத்துக்கே எங்களை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். ஆபத்து வந்த பிறகு தேவைப்படும் குணம் அவர்களிடம் நிறைய இருந்தது. அது வருவதற்கு முன்னால் தேவைப்படும் குணம் என்னிடம் இருந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டும் இருந்தும், ஒன்றுதான் பேசியது.

விடிந்ததும் விசில் ஊதினேன். மூன்று முறை, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று முறை. ஆற்றின் இரைச்சலில் மனிதக் குரல் பத்தடி தாண்டாது. விசிலின் கூரிய ஒலி அந்த இரைச்சலைத் தாண்டிப் போகும். தொண்டையும் கட்டிப்போகாது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே எங்களைத் தேடித்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ் நாங்கள் இல்லாமல் போனதைப் பார்த்த டீக்கடைப் பாட்டி, இரவே தோட்டக் காவலாளியிடம் சொல்லியிருந்தார். நாலு பேர், இரண்டு பிள்ளைகள், கயத்துக்குப் போனார்கள் என்று ஆள் கணக்கும் இடமும் சேர்த்துச் சொன்னதால் அவர்கள் நேராக வந்தார்கள். அக்கரையில் நின்று கையசைத்து எங்களை உட்காரச் சொன்னார்கள். பாறையில் வெள்ளைக் கோடு தெரிந்து, அதற்குக் கீழேயும் தண்ணீர் இறங்கிய பிறகு கயிறு கட்டிக் கடத்தினார்கள். தோட்டக் குடியிருப்பில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். தம்பி நான்கு துண்டு தின்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். இனிமேல் நாலு பேரில் யார் "திரும்பலாம்" என்றாலும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கலாம், விவாதம் கூடாது, கேலி கூடவே கூடாது. எட்டு வயதுத் தம்பிக்கும் அந்த உரிமை உண்டு. மருந்துவாழ்மலையில் குரங்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி திரும்பலாம் என்றபோது பாதியிலேயே இறங்கினோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு மனம் ஆறவில்லை, ஆனாலும் இறங்கினார். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு எங்கள் பயணங்கள் குறையவில்லை, கூடின. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்ததும் எனக்குக் கிளம்புவதில் பயம் போய்விட்டது. இன்றைக்கு நான் மலையேறுகிறேன் என்றால் அந்த உரிமைதான் காரணம்.

என் பெற்றோரைப்போன்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் பயம், எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது? "ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்காதீர்கள். அது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாக விழும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "தண்ணீர் கலங்குகிறது", "அந்த மாமா நேற்று இங்கே நிற்கக் கூடாது என்றார்", "வழியில் இந்தப் பாறையைப் பார்த்த நினைவு இல்லை" என்று பதில் வரும். பதில் கண்ணால் கண்ட ஒன்றாக இருந்தால் நீங்களும் போய்ப் பாருங்கள். பார்த்தது ஒன்றுமில்லை, மனதுக்குச் சரியில்லை என்று மட்டும் பிள்ளை சொன்னால், கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அங்கேயே உட்காருங்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் பயம் தானே தணியும். தணியாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவதில் என்ன நட்டம்? அருவி அடுத்த வாரமும் விழும். ஒரு தடவை சிரித்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை பார்த்ததைச் சொல்லாது. கயத்தில் நான் வாயை மூடிக்கொண்டேனே, அதுதான் நடக்கும்.

பயந்த பிள்ளைக்குப் பொறுப்பையும் கொடுங்கள். நீர்மட்டத்துக்கு அடையாளம் வைப்பது, திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது, வழியில் திருப்பங்களை நினைவில் வைப்பது, விசிலைச் சுமப்பது எல்லாம் அந்தப் பிள்ளை ஏற்கெனவே மனதுக்குள் செய்துகொண்டிருக்கும் வேலைகள்தான்.

கடலுக்கும் இது பொருந்தும். இன்னும் அதிகமாகவே பொருந்தும். நம் கடற்கரையில் கள்ளக்கடல் வரும்போது காற்று இருக்காது, மழை இருக்காது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல்காற்று எழுப்பிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, அமைதியாகக் கிடக்கும் நம் கரையில் திடீரென்று ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட நாளில்தான். கள்ளக்கடல் எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கடற்கரைக்குக் கிளம்பும் காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அலை என் செருப்பு இருந்த இடம் வரை வந்துவிட்டது" என்று ஒரு பிள்ளை சொன்னால், சாமான்களை எடுத்துக்கொண்டு முழுக் குடும்பமும் மேலே ஏறுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி நேராக நீந்தி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். இதை என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த இரவுக்குப் பிறகு. நான் கேட்டேன், முதல் தடவையாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

காட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் அன்று போனதுபோல இப்போது யாரும் போக முடியாது, போகவும் கூடாது. இந்த மலைகளின் பெரும்பகுதி 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போவது குற்றம். சோதனைச் சாவடியில் பேரும் ஆள் எண்ணிக்கையும் எழுதச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். டீக்கடைப் பாட்டி எங்களுக்குச் செய்ததைத்தான் அந்தப் பதிவேடு உங்களுக்குச் செய்கிறது. எழுதும்போது பேனாவைப் பிள்ளையிடம் கொடுங்கள். திரும்பும் நேரத்தை அந்தப் பிள்ளையே எழுதட்டும். பெரியவர்கள் எழுதுவதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் எழுதும். அந்த நேரத்துக்கே திரும்பிவிடுங்கள்.